ஒரு கைக்கு எத்தனை பொத்தான்?

ஆவணித் திருவிழா நெருங்கிவிட்டால் மட்டக்களப்பு வாவியோர மண்டூர்ப் பக்கத்துத் தட்டெழுத்துக் கடைகளில் ஒரு கதிரையும் காலியாக இருக்காது. குருமண்வெளியில் பாதை ஏறி வாவியைக் கடந்து வந்தவர் ஒருவர். வெள்ளாவெளியிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கியவர் ஒருவர். அடுத்த வளவிலிருந்து சாரத்தோடு நடந்து வந்தவர் ஒருவர். ஒருவருக்குத் திருவிழா உபயகாரர் பெயர்ப் பட்டியல் அடிக்க வேண்டும். ஒருவருக்கு 31ஆம் நாள் நினைவு அழைப்பு. ஒருவருக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இரண்டு போட்டோக்கொப்பி.

கடைக்காரரின் இடது கை கீபோர்டில், வலது கை மவுசில். திரையில் பாமினி எழுத்துருவில் பெயர்கள் ஓடுகின்றன. பெயரைப் பிரதி எடுக்கிறார், ஒட்டுகிறார், அளவைக் கூட்டுகிறார், நிறத்தை மாற்றுகிறார், பிழைத்ததை மீளெடுக்கிறார். நூறு பெயர் என்றால் இதே ஐந்து வேலை நூறு தடவை. பக்கத்து மேசையில் வேலை பழகும் பெடியனிடம் இருப்பது நிறநிறமாக மின்னும் கேமிங் மவுஸ். கட்டைவிரல் படும் பக்கத்தில் பொத்தான்கள் வரிசையாக நிற்கின்றன. பிரதி எடுக்கவும் ஒட்டவும் அவன் கீபோர்ட் பக்கம் போவதே இல்லை. மூத்தவர் கண்ணுக்கு அது விளையாட்டுச் சாமான். இளையவன் கண்ணுக்கு மூத்தவரின் மவுஸ் நூதனசாலைக்குப் போகவேண்டியது.

இந்த வழக்கு மண்டூரில் தொடங்கியதல்ல. மவுஸ் பிறந்த நாளிலிருந்து கலிபோர்னியா ஆய்வுகூடங்களிலும் உலகெங்கும் உள்ள அலுவலக மேசைகளிலும் இதே வாக்குவாதம் நடக்கிறது. பொத்தான் கூடிய மவுஸ் ஒவ்வொன்று வரும்போதும் சிரிப்பும் எரிச்சலும் ஆசையும் சேர்ந்தே கிளம்புகின்றன. இன்று அந்த வரிசையில் செயற்கை நுண்ணறிவை அழைக்கும் பொத்தானும் சேர்ந்துவிட்டது. இந்தப் பொத்தான்கள் யாருக்கு உண்மையில் உதவுகின்றன, யார் தலையில் சுமையாக இறங்குகின்றன?

17 நாள் இடைவெளியில் இரண்டு மவுஸ்

2009 ஒக்டோபர் 20. அப்பிள் நிறுவனம் மேஜிக் மவுசை வெளியிட்டது. வழவழப்பான வெள்ளை மேற்பரப்பு. கண்ணுக்குத் தெரிய ஒரு பொத்தான்கூட இல்லை. விரலால் தடவினால் போதும்.

அதே ஆண்டு நவம்பர் 6. இத்தாலியின் ஒர்வியேட்டோ நகரில் ஓப்பன் ஒபிஸ் என்ற திறந்த மூல அலுவலக மென்பொருளின் ஆர்வலர்கள் மாநாடு. அங்கே அறிவிக்கப்பட்டது ஓப்பன் ஒபிஸ் மவுஸ். நிரல்படுத்தக்கூடிய பொத்தான்கள் 18. பக்கத்தில் கேம் கருவியில் இருப்பதுபோல ஒரு ஜோய்ஸ்டிக். மவுசுக்குள்ளேயே நினைவகம். மென்பொருளுக்கு ஒன்றாக 63 அமைப்புகளை அதில் சேமிக்கலாம். விலை 74.99 டொலர்; அன்றைய நாணய மாற்றில் சுமார் 8,500 இலங்கை ரூபா.

இதன் பின்னால் இருந்தவர் தியடோர் பீல் என்ற அமெரிக்க கேம் வடிவமைப்பாளர். வேர்ல்ட் ஒவ் வார்கிராப்ட் போன்ற இணைய விளையாட்டுகளில் கட்டளைகள் டசின் கணக்கில் உண்டு. போர் நடக்கும்போது கீபோர்டில் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அதனால் கட்டளைகளைக் கைக்கடியில் கொண்டுவர வேண்டும் என்பது அவர் எண்ணம். விளையாட்டுக்குப் பொருந்துவது அலுவலக மென்பொருளுக்கு ஏன் பொருந்தாது? அங்கேயும் பட்டியலுக்குள் பட்டியலாக நூற்றுக்கணக்கான கட்டளைகள் ஒளிந்திருக்கின்றனவே. பாவனைத் தரவுகளை எடுத்து, அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளைப் பொத்தான்களில் முன்கூட்டியே பொருத்தினார்கள்.

படம் வெளியானதும் எழுந்த முதல் எதிர்வினை சிரிப்பு. ஏப்ரல் முதலாம் திகதிக்கு வரவேண்டிய செய்தி நவம்பரில் வந்துவிட்டதா என்று பலர் கேட்டார்கள். அப்பிள் மவுசின் படத்தையும் இதன் படத்தையும் அருகருகே வைத்துக் கேலி செய்தார்கள். திறந்த மூல மென்பொருள் உலகத்தின் நோயே இதுதான், எதையும் விடத் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திணிக்கும் என்று சிலர் அதை ஓர் உவமானமாகவே ஆக்கினார்கள். பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் சடங்கு 18 நாள் என்றால் நம் பக்கத்தில் எவரும் புருவம் உயர்த்துவதில்லை. மவுசுக்கு 18 பொத்தான் என்றதும் உலகமே உயர்த்தியது.

சிரிக்காதவர்களும் இருந்தார்கள். இணைய விளையாட்டுக்காரர்கள், முப்பரிமாண வரைகலைஞர்கள், நாள் முழுக்க விரிதாளில் வேலை செய்பவர்கள் ஆகியோர் இது ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதே 2009இல் ரேசர் நிறுவனம் கட்டைவிரலுக்கு மட்டும் 12 பொத்தான் வைத்த நாகா என்ற மவுசை விளையாட்டுக்காரருக்காக இறக்கியிருந்தது. அந்த வரிசை புதிய புதிய பதிப்புகளாக நிலைத்துவிட்டது. 18 பொத்தான் மவுஸ் 2010இல் வார்மவுஸ் மெட்டா என்று பெயர் மாறிச் சந்தைக்கு வந்தது, பெருவழக்காகவில்லை. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டில் ஒன்று நின்றது, மற்றது மறைந்தது. நின்றதற்குத் தன் ஆள் யார் என்று தெரிந்திருந்தது. மறைந்தது எல்லா அலுவலகத்துக்கும் எல்லாருக்கும் என்று வந்தது.

பெட்டிச் செய்தி: பொத்தான் கணக்கு

▪ 1964: டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் எண்ணத்துக்கு பில் இங்கிலிஷ் மரத்தில் வடிவம் கொடுத்தார். பொத்தான் 1.
▪ 1968 டிசம்பர் 9: சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் எங்கெல்பார்ட்டின் செயல்விளக்கம். பொத்தான் 3.
▪ 1973: செரொக்ஸ் அல்ட்டோ கணினி. பொத்தான் 3.
▪ 1981: செரொக்ஸ் ஸ்டார். பொத்தான் 2.
▪ 1983: அப்பிள் லிசா, பொத்தான் 1. அதே ஆண்டு மைக்ரோசொப்ட் மவுஸ், பொத்தான் 2.
▪ 1996: மைக்ரோசொப்டின் இன்டெலிமவுஸ் உருளைச் சில்லைப் பரவலாக்கியது.
▪ 2005: அப்பிளின் மைட்டி மவுஸ். ஒற்றைப் பொத்தான் கொள்கை தளர்ந்தது.
▪ 2008 டிசம்பர்: லொஜிடெக் தனது நூறு கோடியாவது மவுசை விற்பனைக்கு அனுப்பியது.
▪ 2009: கண்ணுக்குத் தெரியும் பொத்தான் இல்லாதது, கட்டைவிரலுக்கு 12, மொத்தம் 18 என மூன்றும் ஒரே ஆண்டில்.
▪ 2012: லொஜிடெக் ஜி600. பொத்தான் 20.
▪ 2024: லொஜிடெக் சாட்ஜிபிடியை அழைக்கத் தனிப் பொத்தான் வைத்தது.

பொத்தான் குறைந்தால் வேலை எங்கே போகிறது?

மவுசைக் கண்டுபிடித்த எங்கெல்பார்ட் பொத்தானுக்கு எதிரியல்ல. அந்தச் சின்னப் பெட்டிக்குள் மூன்றுக்கு மேல் வைக்க இடம் கிடைக்காததால்தான் மூன்றோடு நின்றார். 1968இல் அவர் காட்டிய கருவியில் வலது கைக்கு மூன்று பொத்தான் மவுஸ். இடது கைக்கு ஐந்து விசைகள் கொண்ட தனிப் பலகை. ஐந்தையும் விதவிதமாகச் சேர்த்து அமுக்கினால் எல்லா எழுத்தும் வரும். பழக நாளாகும், பழகினால் கை பறக்கும் என்பது அவர் கட்சி. பயிற்சியே வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு அவர் சொன்ன உவமை பிரபலமானது: முச்சக்கரச் சைக்கிளை எவரும் உடனே ஓட்டலாம், அதற்காக வாழ்நாள் முழுக்க அதிலேயே போக முடியுமா?

எதிர்க்கட்சி அப்பிளில் இருந்தது. செரொக்ஸ் ஆய்வுகூடத்திலிருந்து 1980இல் அங்கே போன லரி டெஸ்லர் கணினியைத் தொட்டறியாதவர்களை உட்காரவைத்துப் பார்த்தார். இரண்டு பொத்தான் இருந்தால் எதை அமுக்குவது என்று அவர்கள் தயங்கினார்கள். மூத்தவர்களின் நீண்ட விவாதத்துக்குப் பின் லிசாவுக்கு ஒற்றைப் பொத்தான் என்று முடிவானது.

அதன் விளைவைத்தான் நாம் இன்றுவரை சுமக்கிறோம். இரண்டாவது பொத்தான் செய்யவேண்டிய வேலை மாயமாகிவிடவில்லை. ஒரே பொத்தானைச் சட்டென்று இரண்டு தடவை அமுக்கும் பழக்கமாக மாறியது. இரட்டைக் கிளிக் பழகும் முதியவர்களின் விரலைப் பார்த்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். முதல் கிளிக்குக்கும் இரண்டாவதுக்கும் இடையில் கை நகர்ந்துவிடும், அல்லது நேரம் தவறிவிடும். பிறகு கொன்ட்ரோல் விசையை அமுக்கிக்கொண்டே கிளிக் செய்வது வந்தது. அதற்கு இன்னொரு கையும் வேண்டும்.

பொத்தானைக் குறைத்தால் வேலை நேரத்துக்குள்ளோ மற்றக் கைக்கோ நகர்கிறது. பொத்தானைக் கூட்டினால் வேலை ஞாபகத்துக்கு நகர்கிறது. எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவர் அதைச் செய்தே ஆகவேண்டும்.

இதை உளவியலாளர்கள் மவுஸ் பிறக்கும் முன்பே அளந்துவிட்டார்கள். பிரித்தானியரான ஹிக் 1952இல் காட்டியது: தெரிவுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும்; ஆனால் அதே வீதத்தில் அல்ல, தெரிவுகள் இரட்டிப்பானால் நேரம் ஒரு படிதான் ஏறும். அமெரிக்கரான போல் பிட்ஸ் 1954இல் காட்டியது: எட்டவேண்டிய இலக்கு தூரமாகவும் சிறிதாகவும் இருந்தால் கை போய்ச்சேரத் தாமதமாகும். திரையின் மூலையில் இருக்கும் சின்னப் படக்குறிக்குச் சுட்டியை ஓட்டிப் போவதைவிட, விரல் ஏற்கெனவே தங்கியிருக்கும் பொத்தானை அமுக்குவது விரைவு என்று பிட்ஸ் சொல்வார். அந்தப் பதினெட்டில் எது என்று யோசித்து நிற்பாயே என்று ஹிக் கேட்பார். இரண்டையும் சமன் செய்வது பயிற்சி ஒன்றுதான். ஒரே வேலையை நாள்தோறும் செய்பவருக்கு யோசிக்கும் நேரம் தேய்ந்து போகும். எப்போதாவது செய்பவருக்கு அது தேயாது.

247 எழுத்தை அடக்கிய விரல்கள்

இந்தக் கேள்விக்குத் தமிழர் தங்கள் சொந்த விரலால் பதில் தேடியவர்கள். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, பிழைப்புக்காக மலாயாப் பக்கம் போன ஆர். முத்தையா, தமிழுக்குத் தட்டச்சுப்பொறி அமைக்க உட்கார்ந்தார். ஆங்கிலப் பொறியில் இருந்தவை 46 விசைகள் அளவில். தமிழில் எழுத்துகள் 247. எழுத்துக்கு ஒரு விசை என்று போனால் மேசையே போதாது.

அவர் கண்ட வழி நகரா விசை. புள்ளி, விசிறி போன்ற குறிகளை அமுக்கினால் குறி தாளில் பதியும், ஆனால் வண்டி நகராது. அடுத்து எழுத்தை அமுக்கினால் அதே இடத்தில் வந்து உட்காரும். ஒரு விசைக்குப் பதில் இரண்டு அமுக்கு. பொத்தானின் இடத்தை நேரத்தால் ஈடுசெய்தார். அவருடைய வடிவத்தை ஜெர்மனியின் சைடல் அண்ட் நவ்மன் நிறுவனம் பொறியாக வார்த்துக் கொடுத்தது. கச்சேரிகளிலும் கந்தோர்களிலும் தலைமுறைகள் அதில் பழகின.

கணினி வந்தபின் வழக்கு மறுபடி திறந்தது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. 12 உயிரும் இடது கைப்பக்கம், 18 மெய்யில் பெரும்பாலானவை வலது கைப்பக்கம், ஆய்தம் ஒன்று. மொத்தம் 31 விசையில் தமிழ் முழுதும் அடங்கும். ஒரே மெய்யை அடுத்தடுத்து அமுக்கினால் முதலாவதுக்குப் புள்ளியைப் பொறியே வைத்துக்கொள்ளும். மனித விரல் சுமந்த வேலையில் ஒரு பங்கைக் கணினி எடுத்துக்கொண்டது.

இலங்கை வேறு வழியில் போனது. தட்டச்சுப்பொறியில் பழகிய ரெங்கநாதன் அமைப்பைத் தழுவியே 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற தேசியத் தரம் வந்தது. அச்சக மேசைகளிலோ அந்த அமைப்புக்கு நெருங்கிய பாமினிதான் ஆட்சி. யுனிகோட் வந்து எத்தனையோ காலமாகியும் பதாகை, அழைப்பிதழ், மரண அறிவித்தல் எல்லாம் இன்னும் பாமினியில் அடிக்கப்படுகின்றன. காரணம் அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. உண்மைக் காரணம், அந்தக் கைகளில் சேர்ந்துள்ள உழைப்பு. இருபது வருடமாக அந்த அமைப்பில் ஓடும் விரலுக்கு வேறொன்றைக் கொடுத்தால், முதல் சில மாதங்களுக்கு வேகம் பாதியாகும். வேகம்தான் அந்தக் கடையின் வருமானம். அந்த நட்டத்தை ஈடுகட்ட எந்தத் தர நிர்ணய சபையும் பணம் கொடுப்பதில்லை.

புதிய மவுசைக் கண்டு மூத்த கடைக்காரர் சிரிப்பதிலும் இதே கணக்கு இருக்கிறது. கொன்ட்ரோல் விசையோடு மற்றதைச் சேர்த்து அமுக்கும் பழக்கம் அவர் இடது கையில் ஊறியிருக்கிறது. பக்கப் பொத்தான் அவருக்கு மிச்சப்படுத்தித் தரப்போவது சொற்பம். பழக்கம் இன்னும் இறுகாத இளையவனுக்கு மிச்சம் அதிகம். இருவரும் தத்தம் கையளவில் சரி.

யார் கைக்கு வரம்?

ஒரே ஆள், ஒரே மேசை, ஒரே தொழில். இந்த மூன்றும் பொருந்தும் இடத்தில் பல பொத்தான் மவுஸ் கூலி கொடுக்கும். பதாகை வடிவமைப்பவர், திருமண அல்பம் கோப்பவர், வீடியோ வெட்டுபவர், கணக்குப் பதிபவர் எல்லாரும் ஒரே நாலைந்து கட்டளையை நாளுக்கு நூற்றுக்கணக்கில் செய்பவர்கள். அவர்களுக்குப் பதினெட்டு தேவையில்லை, நாலைந்து போதும். ஒரு பொத்தான் அமுக்கில் மிச்சமாவது ஒரு வினாடிக்கும் குறைவாக இருக்கலாம். அதைவிடப் பெரிய இலாபம், கண் திரையிலிருந்து இறங்காமல் இருப்பது.

பகிர்ந்து பாவிக்கும் கணினியில் கதை தலைகீழ். பட்டிருப்புக் கல்வி வலயத்துப் பாடசாலையோ வேறு எந்த வலயத்துப் பாடசாலையோ, கணினி கூடத்தில் ஒரு மவுசை ஒரு நாளில் பல வகுப்புப் பிள்ளைகள் மாறி மாறித் தொடுவார்கள். காலையில் ஒரு பிள்ளை பொத்தானுக்கு ஒரு கட்டளை வைத்தால், மத்தியானம் வரும் பிள்ளைக்கு அது மர்மம். கட்டைவிரல் தவறிப் பட்டால் திறந்திருந்த பக்கம் மூடிக்கொள்ளும். கூடங்களுக்கு இரண்டு பொத்தானும் ஒரு சில்லும் கொண்ட சாதாரண மவுஸ்தான் சரியான தெரிவு.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. அவர்கள் பொத்தானே இல்லாத திரையில் வளர்ந்தவர்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவையும், கைபேசி உட்பட்ட டிஜிட்டல் அறிவையும் தனித்தனியே அளக்கிறது. 2021இல் முதலாவது மூவரில் ஒருவர் அளவில் நிற்க, இரண்டாவது பாதியைத் தாண்டியிருந்தது. கைபேசியில் வீடியோ தொகுக்கத் தெரிந்த பிள்ளைக்கு வலது கிளிக் எதற்கு என்று தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தின் இரண்டு வினாத்தாளும் எழுத்துப் பரீட்சைதான். மவுசின் பாகங்களைப் பெயரிட்டால் புள்ளி உண்டு. கை பழகியதற்குப் புள்ளி இல்லை. அதனால் கையைப் பழக்க எவருக்கும் அவசரமும் இல்லை.

இடது கைக்காரருக்கு இந்த மவுஸ்கள் பெரும்பாலும் கதவடைப்பு. கட்டைவிரல் பொத்தான்கள் வலது கைக்கே வார்க்கப்படுகின்றன. ரேசர் தனது நாகாவில் இடது கைப் பதிப்பொன்றை முன்பொருமுறையும் மறுபடி 2020இலும் கொண்டுவந்தது, அது விதிவிலக்கு.

மிகப் பெரிய வரம் கிடைக்கக்கூடியவர்களைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. போர் கடந்த மண் இது. ஒரு கையை இழந்தவர்கள் வாவியின் இரு கரையிலும் இருக்கிறார்கள். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கை உள்ளவருக்குப் பிரதி எடுப்பது ஒரு வேலை. ஒரு கை மட்டும் உள்ளவருக்கு அது மவுசை விட்டு, கீபோர்டுக்குப் போய், இரண்டு விசையை ஒரே கையால் எட்டி அமுக்கி, மறுபடி மவுசுக்கு வருவது. பிரதி, ஒட்டு, மீளெடு, நுழைவு ஆகிய நான்கும் கட்டைவிரலடியில் இருந்தால் அந்தப் பயணம் முழுதும் இல்லாமல் போகும். விளையாட்டுக்காரனுக்கு வேகம் தரும் அதே பொத்தான் இவருக்கு வேலை வாய்ப்பையே தரும்.

விண்டோசில் ஷிப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து தடவை அமுக்கினால் வரும் வசதியும் இவர்களுக்குத்தான். அதன்பின் கொன்ட்ரோலை அமுக்கி விட்டுவிட்டு, அடுத்த விசையை ஆறுதலாக அமுக்கலாம். சேர்த்து அமுக்கத் தேவையில்லை. முத்தையாவின் நகரா விசை செய்ததும் இதையேதான்.

பெட்டிச் செய்தி: உங்கள் பழைய மவுசிலேயே

▪ உருளைச் சில்லும் ஒரு பொத்தான்தான். இணைய இணைப்பு ஒன்றின் மேல் வைத்து அதை அமுக்கினால் புதிய தாவலில் திறக்கும்.
▪ திறந்திருக்கும் தாவலின் மேல் சில்லை அமுக்கினால் அது மூடும்.
▪ கொன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு சில்லைச் சுழற்றினால் எழுத்து பெரிதாகும், சிறிதாகும்.
▪ இணைய உலாவியில் ஷிப்டோடு சுழற்றினால் பக்கவாட்டில் நகரும்.
▪ வேர்ட் கோப்பில் இரண்டு கிளிக் ஒரு சொல்லையும், மூன்று கிளிக் ஒரு பந்தியையும் தெரிவுசெய்யும்.
▪ இடது கைக்காரர் விண்டோஸ் அமைப்பில் முதன்மைப் பொத்தானை வலதுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பொத்தான் யார் சொல் கேட்கும்?

எண்ணிக்கையைப் பற்றிய சண்டை ஓய்ந்து, இன்று சண்டை அதிகாரத்தைப் பற்றியதாகிவிட்டது. நான் காசு கொடுத்து வாங்கிய பொத்தானுக்கு என்ன வேலை என்று தீர்மானிப்பது யார்?

முதல் மணி 2012 இறுதியில் அடித்தது. ரேசர் மவுஸ் வாங்கிய ஒருவர், அதன் மென்பொருள் இணையக் கணக்குத் திறக்கச் சொல்வதையும், நிறுவனத்தின் சேவையகம் அந்நேரம் இயங்காததால் அமைப்பை முடிக்க முடியாமல் போனதையும் அம்பலப்படுத்தினார். மவுசுக்கு எதற்கு இணையம் என்ற கோபம் உலகெங்கும் பரவியது. ஒருமுறை பதிந்தால் இணையமில்லாமலும் இயங்கும் என்று நிறுவனம் விளக்கியது. பொத்தானின் அமைப்பு மவுசுக்குள் இருக்கிறதா, கணினியில் இருக்கிறதா, எங்கோ உள்ள சேவையகத்தில் இருக்கிறதா என்று வாங்குவோர் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான். டேட்டா முடிந்தால் அடுத்த மீள்நிரப்பு வரை காத்திருக்கும், வாவியின் மேற்கே உள்ள படுவான்கரை வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல. கேலிக்கு ஆளான அந்த 18 பொத்தான் மவுஸ் இந்த ஒன்றில் மற்றவற்றை முந்தியிருந்தது: அதன் 63 அமைப்புகளும் மவுசுக்குள்ளேயே இருந்தன.

2024 இந்தக் கேள்விக்கு மூன்று புதிய பக்கங்களைச் சேர்த்தது. ஜனவரியில் மைக்ரோசொப்ட், விண்டோஸ் கீபோர்டில் கோபைலட் என்ற தனது செயற்கை நுண்ணறிவுச் சேவைக்கு ஒரு தனி விசையை அறிவித்தது. 1994இல் விண்டோஸ் விசை வந்த பிறகு நடந்த முதல் பெரிய மாற்றம் அது. ஏப்ரலில் லொஜிடெக், சாட்ஜிபிடியை அழைக்கும் பொத்தானோடு எம்750 மவுசின் சிறப்புப் பதிப்பை இறக்கியது. ஒரு பந்தியைத் தெரிவுசெய்து பொத்தானை அமுக்கினால் சுருக்கித் தரவோ மாற்றி எழுதித் தரவோ கேட்கலாம். ஜூலையில் லொஜிடெக்கின் தலைமை அதிகாரி ஹனெக்கே பேபர், ஒரு நேர்காணலில் நிரந்தர மவுஸ் என்ற எண்ணத்தைச் சொன்னார்: வாழ்நாள் முழுக்க உழைக்கும் தரமான மவுஸ், மென்பொருள் மட்டும் புதுப்பிக்கப்படும், அதற்குச் சந்தா இருக்கலாம். மவுசுக்கு மாதவாடகையா என்று எழுந்த எதிர்ப்பில், அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று நிறுவனம் சொல்லவேண்டியதாயிற்று.

2009இல் எழுந்த எதிர்ப்பையும் 2024இல் எழுந்த எதிர்ப்பையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது. முன்னதில் மக்கள் சிரித்தது வடிவத்தின் அலங்கோலத்தைப் பார்த்து. அந்த 18 பொத்தானும் வாங்கியவரின் சொல்லுக்கு ஆடத் தயாராக இருந்தன. பின்னதில் கோபம் வந்தது, ஒரே ஒரு பொத்தான் நிறுவனத்தின் கடைக்கு வாசற்படியாக வைக்கப்பட்டதால். திருத்தமான தமிழில் பதில் வருமா, பிள்ளை அமுக்கி ஒட்டிய கட்டுரையை ஆசிரியர் எப்படி மதிப்பிடுவார், தெரிவுசெய்த பந்தியில் ஒருவரின் மருத்துவ விபரம் இருந்தால் அது எங்கே போகிறது? பொத்தானில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை.

விலையும் சேர்ந்துகொள்கிறது. 2022 மார்ச்சில் ரூபாவின் பிடி தளர்த்தப்பட்டபோது சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில கிழமைகளிலேயே 300ஐத் தாண்டியது. அன்று சுமார் 8,500 ரூபாவுக்கு வந்திருக்கக்கூடிய 18 பொத்தான் மவுசின் அதே டொலர் விலை, 300 ரூபா கணக்கில் சுமார் 22,500 ரூபா. அதனால் நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் பெயர் தெரியாத மலிவு மவுஸ்கள். மின்னும் விளக்கு நிறைய இருக்கும். பொத்தானின் வேலையை மாற்றும் மென்பொருள் இருக்காது. பக்கப் பொத்தான்கள் முன்னே, பின்னே என்ற இரண்டு வேலையோடு நின்றுவிடும்.

பெட்டிச் செய்தி: காசு கொடுக்கும் முன்

▪ ஒரு நாள் வேலையில் எந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள் என்று தாளில் எழுதுங்கள். பட்டியலில் ஏறாத வேலைக்குப் பொத்தான் தேவையில்லை.
▪ அமைப்புகள் மவுசுக்குள்ளேயே சேமிக்கப்படுமா என்று கேளுங்கள். சேமிக்கப்பட்டால் வேறு கணினிக்கும் கொண்டுபோகலாம்.
▪ இணையக் கணக்கு இல்லாமல் இயங்குமா என்று பாருங்கள்.
▪ மலிவு மவுசில் பக்கப் பொத்தான் இருந்தால், எக்ஸ்-மவுஸ் பட்டன் கொன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளால் விண்டோசில் அதன் வேலையை மாற்றிப் பார்க்கலாம்.
▪ கடையிலேயே கையில் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் வளைந்து நின்றால் நாள்பட வலி எடுக்கும்.
▪ விலையுயர்ந்த ஒன்றில் எல்லாப் பொத்தானுக்கும் முதல் நாளே வேலை வைக்காதீர்கள். இரண்டில் தொடங்கி, கை பழகியதும் மூன்றாவதைச் சேருங்கள்.

செய்யக்கூடியது என்ன?

இந்த வழக்கில் பொதுத் தீர்ப்பு இல்லை. கைக்குக் கை தீர்ப்பு வேறு. ஆனால் தீர்ப்பைத் தனி ஆளின் பணப்பைக்கு விட்டுவிட முடியாத ஓர் இடம் உண்டு.

பாடசாலைக் கணினி கூடங்களுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் கணினி வாங்கும்போது எல்லா மேசைக்கும் ஒரே மாதிரி மவுஸ்தான் வருகிறது. அதில் தவறில்லை, பெரும்பாலானோருக்கு அதுவே ஏற்றது. அதோடு கூடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நாலைந்து பொத்தான் உள்ள, அமைப்பைத் தனக்குள்ளேயே சேமிக்கும் மவுஸ் ஒன்றையும் வாங்கலாம். வாங்குவதோடு நின்றால் அது அலுமாரிக்குள் போய்விடும். பிரதி, ஒட்டு, மீளெடு, நுழைவு ஆகிய நான்கையும் அதில் பொருத்திவைக்கவும், ஒரு கையால் வேலை செய்யும் மாணவருக்கு அதைப் பழக்கவும் ஆசிரியர் ஒருவருக்குப் பயிற்சி வேண்டும். கொள்வனவுப் பட்டியலில் ஒரு வரி, பயிற்சிக்கு ஒரு நாள். பல பொத்தான் மவுசைப் பார்த்து உலகம் சிரித்த காலத்தில் அந்த 18 பொத்தான் மவுஸ் நிலைக்காமல் போனது, அது யாருக்கு உதவும் என்று எவரும் தேடிப் போகாததால். படுவான்கரையில் அந்த ஆள் யார் என்று ஊருக்கே தெரியும். கேட்க வேண்டியவர்கள் அடுத்த கொள்வனவுக்கு முன் கேட்க வேண்டும்.